கதிர்வீச்சும் பள்ளிப் பாடமும்

(பினாங்கு துறைமுக நகரில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கதிர்வீச்சு என்றால் என்னவென்று பிள்ளை கேட்டால், அணுகுண்டு என்றும் புற்றுநோய் என்றும் கூறி வாயடைத்து விடுகிறோம். அச்சம் மட்டுமே மிஞ்சுகிறது. நீங்காத இருமலுடைய பெரியவர் ஒருவர் நெஞ்சுப்படம் எடுக்கத் தயங்குவதற்கும் அவ்வச்சம் காரணமாகலாம். ஒரு நெஞ்சுப்படத்தால் பெறும் கதிர், பொதுவாகச் சில நாள்களில் இயற்கையிடமிருந்து நாம் பெறும் அளவே. காசநோயைக் கண்டறியாது விடுவதன் கேடோ பெரிது.

ஆசிரியர் குண்டிலிருந்து பாடத்தைத் தொடங்க வேண்டியதில்லை. நம் கொடிமலையிலிருந்து தொடங்கலாம். அதன் கருங்கல்லில் யுரேனியமும் தோரியமும் சிறிதளவு உண்டு. வாழைப்பழத்திலுள்ள பொட்டாசியமும் மிகச் சிறிது கதிர் வீசும். இயற்கையிடமிருந்து மனிதர் பெறும் உலகச் சராசரி, ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட்.

அடுத்து, நீங்கள் வெட்டும் ரப்பர் பால். அறுவை மருத்துவரின் ரப்பர்க் கையுறை, உறையிலிட்டு மூடியபின், கோபால்ட்-60 வீசும் காமாக் கதிரால் கிருமி நீக்கப்படுவதுண்டு. அதனால் கையுறை கதிர் வீசும் பொருளாகிவிடாது; விளக்கொளி பட்ட சுவர் விளக்காகிவிடுமா? இவ்வேறுபாட்டை மாணவர் உணர்ந்தால் பாதிப் பாடம் முடிந்தது. பாங்கியிலுள்ள மலேசிய அணுசக்தி நிறுவனம், கந்தகமின்றிக் கதிரால் ரப்பர் பாலைப் பதப்படுத்தும் முறையையும் ஆராய்ந்துள்ளது. 1982இல் அங்கு இயங்கத் தொடங்கிய அணுஉலை ஆய்வுக்கும் பயிற்சிக்குமே, மின்சாரத்திற்கன்று.

நன்மையை மட்டும் கூறி நிறுத்துதல் முறையன்று. பினாங்கு உருக்காலைகளுக்கு வெள்ளீயம் அனுப்பிய சுரங்கங்களில் மிஞ்சிய அமாங் மணலில், தோரியம் கலந்த மோனசைட் உண்டு. ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் அதைப் பதப்படுத்திய ஏசியன் ரேர் எர்த் ஆலையின் கழிவை எதிர்த்து, மக்கள் 1985இல் நீதிமன்றம் சென்றனர். 1992இல் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993இல் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றியது. எனினும் 1994இல் ஆலை மூடப்பட்டது. இதனை மறைக்கும் ஆசிரியரைப் பிள்ளைகள் நம்பார்.

சர்வதேச அணுசக்தி நிறுவனம் ஆசிய பசிபிக் நாடுகளின் இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கு இத்துறையில் பயிற்சியளித்து வருகிறது. அதனை முதலில் செய்து பார்த்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று.

கருவி இல்லையே என்பர் சிலர். கண்ணாடிப் பெட்டி, ஆல்கஹால், உலர்பனிக்கட்டி ஆகியவை கொண்டு முகிற்கலம் அமைக்கலாம். பழைய காஸ் விளக்கு வலைகள் பலவற்றில் தோரியம் இருந்தது. அத்தகைய வலை கதிரின் தடத்தைக் காட்டும். ஆனால் அது நொறுங்கினால் தூள் மூச்சில் செல்லும். மாணவர் கையில் தரலாகாது. வலை கிடைக்காவிடினும் குறையில்லை. விண்ணிலிருந்து வரும் கதிர்களே மெல்லிய வெண்கோடுகளாகத் தோன்றும். வகுப்பறையை இருளாக்கி, சற்றுப் பொறுத்திருக்க வேண்டும்.