மந்தன் எனப்படும் மாணவன்

இங்கிலாந்தின் தென்கரையில், சீஃபோர்ட் என்னும் ஊரிலே, பிரிங்கிள் மோர்கன் என்றொரு வைத்தியர் இருந்தார். தாம் ஆராய்ந்த ஒரு சிறுவனைப் பற்றி அவர் 1896 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். சிறுவனின் பெயர் பெர்சி, வயது 14. விளையாட்டிலே விரைவும், கூரிய அறிவும், கணக்கிலே விருப்பமும் உடையவன். 749 ஐ 867 ஆற் பெருக்கச் சொன்னபோது விரைவிற் சரியான விடை கண்டான். ஆயினும், 7 வயது தொடக்கம் கற்று வந்தும், ஓரசைச் சொற்களையே அவன் இடர்ப்பட்டு எழுத்துக்கூட்டி வாசித்தான். தன் பெயரை எழுதும்பொழுதும் எழுத்துக்களை இடம் மாற்றி எழுதினான். பிழையைச் சுட்டிக் காட்டும்வரை அதனை உணரவுமில்லை. பாடமெல்லாம் வாய்மொழியாக நடைபெறுமாயின் பாடசாலையிலே இவனே முதல்வனாவான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து.

இத்தகைய பிள்ளைக்கு உலகம் வழங்கிவந்த பெயர்கள் யாவை? மந்தன், சோம்பேறி, கவனமில்லாதவன் என்பனவே. மோர்கன் அப்பெயர்களோடு அமையவில்லை. கண்பார்வையை நோக்கினார், அதிற் குறையில்லை. எண்ணையும் எழுத்தையும் சொல்லையும் வெவ்வேறாகச் சோதித்தார். பிள்ளைக்கு எது இயலும், எது இயலாது எனப் பிரித்துக் கண்டார். மூளையிலே சொல்லுருவைப் பேணும் பகுதி பிறவியிலேயே சரிவர வளரவில்லை என்று அவர் கருதினார். அக்கருத்துப் பின்னர் திருத்தம் பெற்றது. சொல்லிலுள்ள ஒலிகளைப் பிரித்தறிந்து எழுத்தோடு இணைப்பதிலேதான் இக்குறை பெரும்பாலும் வேரூன்றியுள்ளது என்பது இன்றைய ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. டிஸ்லெக்சியா என்பது இதற்கு இன்று வழங்கும் பெயர். காரணம் திருத்தம் பெற்றாலும், பிரித்துக் காணும் அந்த வழி நிலைத்துவிட்டது.

பிரான்சிலே, சாதாரண வகுப்பிற் பயன்பெற இயலாத பிள்ளைகளைக் கண்டு உதவும் நோக்குடன், அல்பிரட் பினேயும் தியடோர் சிமோனும் 1905 இல் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். அதன் வழிவந்த அறிவுச் சோதனைகள் பல நாடுகளிற் பரவின. ஆனால், ஒரு பிள்ளையின் மனத்தைத் தனியோர் எண் முற்றாகக் கூறிவிடுமா? இரண்டாம் உலகப் போரிலே தலையிற் காயமுற்ற வீரர்களை ஆராய்ந்த உருசிய அறிஞர் அலெக்சாண்டர் லூரியா இதற்கு விடை தந்தார். வாசித்தல் போன்ற ஒரு செயல் மூளையின் ஓரிடத்து வேலையன்று. பல பகுதிகள் கூடிச் செய்வது. அவற்றுள் எது தளர்ந்தாலும் செயல் தடைப்படும். ஆனால், தடைப்படும் விதம் வேறுபடும். இதுவே நரம்புளவியல் மதிப்பீட்டின் அடிப்படை.

இம்மதிப்பீடு நடைபெறுவது எவ்வாறு? முதலிலே பிள்ளையின் பிறப்பு, நோய்கள், பேச்சுத் தொடங்கிய காலம் ஆகியன பற்றிப் பெற்றாரிடமும், வகுப்பிற் காணும் நிலைபற்றி ஆசிரியரிடமும் கேட்டறியப்படும். கண்ணும் காதும் பழுதற்றனவா என்பதும் உறுதி செய்யப்படல் வேண்டும். பின்னர் சிறுசிறு பணிகள் தரப்படும். வரிசையாகச் சொல்லும் எண்களைப் பிள்ளை அவ்வாறே சொல்லவேண்டும். பின்பு தலைகீழாகச் சொல்லவேண்டும். கட்டைகளை அடுக்கி உருவம் அமைக்கவேண்டும். அந்திரே ரே என்ற சுவிற்சர்லாந்து அறிஞர் 1941 இல் வகுத்த சிக்கலான உருவமொன்றைப் பார்த்து வரைந்து, சிறிது நேரஞ் சென்றபின் நினைவிலிருந்தும் வரையவேண்டும். இவை சில மணித்தியாலங்கள் நீடிக்கும். பெறும் பேறுகள் ஒத்த வயதுப் பிள்ளைகளின் பேறுகளோடு ஒப்பிடப்படும்.

மூன்று மாணவர் வாசிப்பிற் பின்தங்கியுள்ளனர் எனக் கொள்க. ஒருவனுக்கு ஒலியைப் பிரிப்பது அரிது. அவனுக்கு ஒலியையும் எழுத்தையும் இணைத்து, படிப்படியாக, மீண்டும் மீண்டும் கற்பித்தல் வேண்டும். இன்னொருவனுக்குக் கவனம் நிலைப்பதில்லை. அவனுக்குச் சிறு பகுதிகளாகப் பிரித்த பாடமும் இடையிடையே ஓய்வும் உதவும். மூன்றாமவன் யாவும் அறிவான். ஆனால் மெதுவாகவே செய்வான். பரீட்சையிலே சற்று மேலதிக நேரம் அவனுக்கு நீதியாகும். மூவருக்கும் ஒரே பிரம்பைக் காட்டினால் ஒருவனேனும் திருந்துவானா?

எனினும், சோதனை பிள்ளையின் மொழிக்கு ஏற்றதாக அமைதல் வேண்டும். மரம் என்ற சொல்லின் தொடக்கத்தில் ஒலிக்கும் மெய்யை நீக்கினால் அரம் எஞ்சும். காதுக்குப் புலனாகும் அந்த மெய், எழுத்திலே உயிரோடு கலந்து ‘ம’ என ஒன்றாக நிற்கின்றது. ஆங்கிலத்திலோ மெய்க்கும் உயிருக்கும் தனித்தனி எழுத்துண்டு. ஆதலால், ஆங்கிலப் பிள்ளைக்கு வகுத்த சோதனையை மொழிபெயர்த்துத் தமிழ்ப் பிள்ளையை அளத்தல் பொருந்தாது. பசியோடும் அச்சத்தோடும் வந்த பிள்ளையின் பேறும் அதன் உண்மை ஆற்றலைக் காட்டமாட்டாது.

மதிப்பீட்டின் முடிவு ஒரு தீர்ப்பன்று. ஆசிரியர் கையிற் கொடுக்கும் வழிகாட்டி. தளர்ந்த இடத்தை மட்டுமன்றி வலிய இடத்தையும் அது காட்டுதல் வேண்டும். பெருக்கலிலே வல்லவனாயிருந்த பெர்சி, தன் பெயரைப் பிழையாக எழுதினான். பிழையை மட்டும் கண்டவர்க்கு அவன் மந்தன். இரண்டையும் கண்டவர்க்கு, கற்பிக்கும் வழி இன்னும் அகப்படாத ஒரு மாணவன். வீட்டிலும் வகுப்பிலும் ஒரு பிள்ளையை மந்தன் என்று அழைக்குமுன், அது எங்கே இடறுகின்றது என்று பார்த்தவர் யார் என்பதே முதலிற் கேட்கவேண்டிய கேள்வி.