யார் பேச்சைக் கேட்பது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

செயலாளர் போன் பண்ணி, "அண்ணாச்சி, உங்க வேலை அனுபவத்தைப் பத்துப் நிமிஷம் சொல்லுங்க, போதும்" என்றார். நான் விலங்கியல் படித்துவிட்டு, அரசு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே பார்த்ததில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பாம்புக்கடி. சங்கரன்கோவில்காரன் பாம்பைப் பற்றிப் பேசாமல் வேறு யார் பேசுவது? சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்கள் வழிபட்ட ஊர் இது. கோமதி அம்மன் சந்நிதியில் புற்றுமண் வாங்கி நெற்றியில் பூசாமல் வளர்ந்தவர் இந்த அரங்கில் எத்தனை பேர்?

1984-ல் பட்டப்படிப்பு முடித்து ஊரில் சும்மா இருந்தேன். ஒருநாள் விடியற்காலை மூன்று மணி இருக்கும். சித்தப்பா மகன், பத்தொன்பது வயசுப் பையன், தரையில் பாய் விரித்துத் தூங்கினவன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "ராத்திரி தின்ன மொச்சைதான், வாயு" என்றார் சித்தி. பக்கத்து வீட்டுக்காரர் சோடா வாங்கிவரச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் இமை சொக்கியது. "தூக்கக் கலக்கம்" என்றார்கள். யாரோ ஒருவருக்குச் சந்தேகம் வந்து, விஷக்கடிக்குப் பார்க்கிற வைத்தியரை அழைத்துவந்தார்கள். அவர் லாந்தர் வெளிச்சத்தில் உடம்பு முழுக்கத் தேடினார். கடிவாய் இல்லை, வீக்கம் இல்லை. மிளகைக் கடிக்கச் சொன்னார். "காரம் தெரியுதா?" "தெரியுது." "அப்போ விஷம் இல்ல, பயப்படாதீங்க" என்றார்.

எனக்கு வகுப்பில் கேட்டது ஞாபகம் வந்தது. கட்டுவிரியன் ராத்திரியில் ஊரும், தூங்குகிறவனைக் கடிக்கும், பல்லுப்பட்ட இடம் கண்ணுக்குத் தெரியாது, வலிக்காது, வீங்காது, முதலில் வயிறு வலிக்கும், பிறகு இமை சரியும், பேச்சுக் குழறும், கடைசியில் மூச்சு நிற்கும். எல்லாம் தெரியும். "சித்தப்பா, டவுனுக்குத் தூக்கிட்டுப் போயிருவோமா?" என்று ஒரு தடவைதான் கேட்டேன். ஒரு பெரியவர் சொன்னார்: "ஏல, நீ பாட்டில்ல கெடக்க பாம்பப் பாத்தவன். அவரு உசுரோட உள்ள பாம்பப் பாத்தவரு." எல்லாரும் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். விடிந்து, வண்டி பிடித்துப் போகிற வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

நண்பர்களே, அந்த வைத்தியர் ஏமாற்றுக்காரர் இல்லை. காசு கேட்டதில்லை. கூப்பிட்ட நேரத்துக்கு வருவார். அவரை ஊர் நம்பியதற்குக் காரணம் இருந்தது. அதைத்தான் நான் பிற்பாடு ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டேன்.

முதல் காரணம், கணக்கு. நம்மைக் கடிக்கிற பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப்பாம்பு கடித்தாலும் எல்லாத் தடவையும் விஷம் இறங்குவதில்லை. ஆக, அவரிடம் வந்தவர்களில் நிறையப் பேர் எது செய்தாலும், செய்யாவிட்டாலும் பிழைப்பவர்கள். பிழைத்தவன் சந்தையில் நின்று கதை சொல்லுவான். செத்தவன் திரும்பி வந்து சொல்லப் போவதில்லை. ஆஸ்பத்திரிக்கோ எல்லா வைத்தியமும் முடிந்து கடைசி மூச்சில் கொண்டுவருகிறார்கள். அவன் அங்கே சாகிறான். "அங்க போனா பிணமாத்தான் வரும்" என்ற பெயர் ஆஸ்பத்திரிக்கு வருகிறது.

இரண்டாவது, நமக்கு வலிக்கிறதும் வீங்குகிறதும்தான் ஆபத்தாகப் படுகிறது. படமெடுக்கிற நல்லபாம்பைக் கண்டு ஊரே நடுங்கும். சத்தமில்லாமல் பாயில் ஏறுகிற கட்டுவிரியனுக்கு யாரும் பயப்படுவதில்லை.

மூன்றாவது, பேச்சு. வைத்தியர் கையைப் பிடித்து, "ஒண்ணும் ஆகாது தாயி" என்பார். ஆஸ்பத்திரியில் நாங்கள், "ஏன் இவ்வளவு லேட்டு? மண்ணைப் பூசி, கயித்தக் கட்டி... அறிவில்லையா?" என்று திட்டுவோம். திட்டு வாங்கினவன் அடுத்த தடவை எங்கே போவான்?

படித்தவர்கள் சொல்வதும் முழு உண்மை என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் கூடத்தில் ஒரு பரிசோதனை உண்டு. கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிஷம் அசைக்காமல் வைப்போம். உறையாவிட்டால் கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்து விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அருமையான சோதனை. ஆனால் கட்டுவிரியன் விஷம் நரம்பைத்தான் தாக்கும். ரத்தம் நன்றாகவே உறையும். குழாயை மட்டும் நம்பினால் அந்த மிளகை நம்பின கதைதான். எந்த ஆலோசகரிடமும், "உங்களுக்கு எது தெரியாது?" என்றும் கேட்க வேண்டும்.

2000-லிருந்து 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58 ஆயிரம் என்று ஓர் ஆய்வு 2020-ல் மதிப்பிட்டது. 2024-ல் தமிழக அரசு பாம்புக்கடியை, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

நாட்டு அறிவை ஒதுக்கச் சொல்லவில்லை. 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் எடுக்கிற விஷத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. அந்த இருளர் மக்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பைப் பிடிக்க அவர்கள், மருந்து செய்ய விஞ்ஞானி, போட டாக்டர். அவரவருக்குத் தெரிந்ததை அவரவர் செய்கிறார்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். அந்த வைத்தியரின் மகனும் பிற்பாடு அதே தொழிலுக்கு வந்தார். அவரைப் போய்ப் பார்த்தேன். சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: "நீங்க மந்திரிங்க. அம்மன் மண்ணை நெத்தியில பூசுங்க. கடிவாயில வேண்டாம். அறுக்க வேண்டாம், இறுக்கிக் கட்ட வேண்டாம். ஆனா முதல்ல 108-க்குப் போன் போட்டுட்டு, வண்டி வாரதுக்குள்ள எல்லாம் செய்ங்க." சம்மதித்தார். ஊர் அவர் பேச்சைக் கேட்கும். அதனால் அவர் வாயாலேயே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வைத்தேன். அதற்குப் பிறகு ஒருநாள் ராத்திரி போன் வந்தது: "அண்ணாச்சி, ஒரு பொம்பளப் பிள்ள, வயித்து வலி, இமை சொக்குது. வண்டி சொல்லிட்டேன், வந்துக்கிட்டு இருக்கு." அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள்.

சங்கனும் பதுமனும் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சண்டை போட்டார்கள். அம்மன் தவமிருந்து, இருவரும் ஒரே உருவமாய் நிற்பதைக் காட்டினாள். கோவிலும் ஆஸ்பத்திரியும் ஒரே வண்டியில் போகலாம் என்று நான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே இருக்கிற ஒவ்வொருவரும் ஏதோ ஒரு தெருவில், "அவன் படிச்சவன்" என்று பேர் வாங்கினவர்கள். சீட்டோ, நிலமோ, வியாதியோ, உங்களுக்குத் தெரிந்த விஷயம் வரும்போது ஒரு தடவை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளாதீர்கள். சிரித்தால் சிரிக்கட்டும், இரண்டாவது தடவையும் சொல்லுங்கள். 1984-ல் நான் சொல்லவில்லை.