தாளம் தப்பும் இருதயம்

பத்துமலையில் 272 படி ஏறினால் யாருக்கும் மூச்சு வாங்கத்தான் செய்யும். மேலே போய் உட்கார்ந்து இளைப்பாறிய பிறகும் படபடப்பு அடங்காமல், துடிப்பு தாறுமாறாக ஓடினால் அது வேறு சங்கதி. செலாயாங் பக்கத்துப் பெரியவர்கள் பலர் இதை வாயுக் கோளாறு என்று சொல்லி, ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள்.

அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். டாக்டர்கள் சுருக்கமாக ஏ.எஃப். என்பார்கள். இருதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல், நிமிடத்துக்கு 350 தடவைக்கும் மேல் வெறுமனே நடுங்கும். இடது மேலறையின் ஓரத்தில் காதுமடல் போல ஒரு சிறு பை இருக்கிறது. ரத்தம் அதில் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏ.எஃப். உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு.

1987இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் டாக்டர் ஜேம்ஸ் காக்ஸ் இதற்கு ஓர் அறுவை சிகிச்சை செய்தார். நெஞ்செலும்பைப் பிளந்து, இருதயத்தை நிறுத்தி, மேலறைகளைக் கோடு கோடாக வெட்டித் தைத்தார். தழும்பைத் தாண்டி மின் துடிப்பு போகாது என்பதுதான் சூட்சுமம். 1998இல் பிரான்சின் போர்தோ நகர ஆய்வாளர்கள், தப்புத் துடிப்பு பெரும்பாலும் நுரையீரல் சிரைகளின் வாயிலிருந்தே கிளம்புகிறது என்று காட்டினார்கள். அப்புறம் அவ்வளவு பெரிய வெட்டு எதற்கு?

இப்போது விலா எலும்புகளுக்கு நடுவே சில சிறு துளைகள் போதும். ஒன்றில் கேமரா. ஒரு பக்க நுரையீரலைக் கொஞ்ச நேரம் காற்றில்லாமல் சுருக்கி இடம் உண்டாக்குவார்கள். சிரைகள் மேலறையோடு சேரும் இடத்தை இடுக்கியால் பிடித்து, ரேடியோ அலைச் சூட்டால் தழும்பாக்குவார்கள். அந்தச் சிறு பையின் வாயையும் கிளிப் போட்டு அடைத்துவிடலாம். இருதயம் பாட்டுக்குத் துடித்துக்கொண்டே இருக்கும்.

இடுப்பு மடிப்புச் சிரை வழியாகக் குழாய் விட்டுச் சுடும் முறையும் உண்டு. இரண்டில் எது மேல்? 2012இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில் அறுவை சிகிச்சையே கூடுதல் பலன் தந்தது. ஆனால் சிக்கல்களும் அதில்தான் அதிகம். 2020இல் பிரிட்டனில், நெடுநாளாக ஏ.எஃப். விடாதவர்களிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசமே இல்லை. ஆகவே எடுத்த எடுப்பில் ஆபரேஷன் கேட்பது சரியில்லை என்பது என் கட்சி. மருந்துக்கும் குழாய் முறைக்கும் அடங்காதவர்கள், ரத்தம் உறையாமைக்கான மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

சரி, எங்கே போய்க் கேட்பது? 1999இல் திறந்த செலாயாங் மருத்துவமனை கல்லீரல் சிகிச்சைக்குப் பெயர்போனது. இருதயத்துக்கென்றே உள்ளது ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் ஐ.ஜே.என். என்ற தேசிய இருதய மருத்துவமனை.

ஒன்று கவனியுங்கள். சிகிச்சை முடிந்து துடிப்பு சீரானாலும், டாக்டர் சொல்லாமல், ரத்தம் உறையாமைக்கான வார்ஃபரின் மருந்தை நிறுத்தாதீர்கள். முருங்கைக்கீரையை ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு மறுவாரம் அடியோடு விட்டால் இந்த மருந்தின் வேகம் ஏறி இறங்கும். அளவு மாறாமல் சாப்பிட்டால் பயமில்லை.

இன்றைக்கே வீட்டுப் பெரியவரின் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி பாருங்கள். துடிப்பு முன்பின்னாக விழுந்தால் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப்போய் இ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். குடிமக்களுக்கு அங்கே பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான்.