நாபோத்தின் தோட்டமும் நம் வீட்டு விளக்கும்



அரசர்கள் முதல் நூல், 21-ஆம் அதிகாரம். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை அரசன் ஆகாபு கேட்கிறான். மாற்று நிலமோ பணமோ தருவதாகத்தான் கேட்கிறான். மூதாதையர் விட்டுச்சென்ற நிலம் என்று நாபோத்து மறுக்கிறான். உடனே ஈசபேல் அரசன் பெயரால் மடல் எழுதி, அரச முத்திரையிட்டு, நாபோத்தைக் கொல்ல வழிசெய்கிறாள். ஆகாபு கல்லெறியவில்லை, தோட்டத்தைப் பெற்றுக்கொள்ள மட்டுமே போகிறான். ஆனாலும் ஆண்டவர் எலியாவை அவனிடமே அனுப்புகிறார்.

2023 ஜூலையில், கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களுக்குள் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்திற்காகக் கால்வாய் வெட்டும் வேலை அது. நிலத்தை முன்பே கையகப்படுத்திவிட்டதாக என்.எல்.சி. நிறுவனம் சொன்னது. அறுவடைவரை பொறுத்திருக்கக் கூடாதா என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வருந்திக் கேட்டார்.

யாரையும் தீர்ப்பிட நாம் வரவில்லை. ஆனால், பழுப்பு நிலக்கரி எரிந்து வரும் மின்சாரம் நம் மாநிலம் முழுவதற்கும் போகிறது. நம் டி.பி. சாலைக் கடைகளின் விளக்குகளுக்கும் அதில் பங்குண்டு. 'எங்களுக்குத் தெரியாது' என்பது ஆகாபுக்கு உதவவில்லை, நமக்கும் உதவாது.

மின்சாரமே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. 2012-இல் நம் கோவை பட்ட மின்வெட்டை மறக்க முடியுமா? விசைத்தறி நின்றது, பட்டறை நின்றது, கூலியும் நின்றது. 2020 ஜூலை 1 அன்று நெய்வேலியில் கொதிகலன் வெடித்து இறந்த தொழிலாளர்களும் குடும்பத்தின் சோற்றுக்காக உழைத்தவர்களே.

பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று, பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அந்தக் காற்று ஓய்ந்ததும் மீண்டும் நிலக்கரியின் கையை எதிர்பார்க்கிறோம். எனவே மாற்றம் ஒரே நாளில் வராது. அதற்காகத் தள்ளிப்போடவும் கூடாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடல், படிப்படியாக, ஆனால் தாமதமின்றி மாறச் சொல்கிறது.

வசதியுள்ளோர் மாடியில் சூரியத் தகடு அமைப்போம். ஆளில்லாத அறையில் ஓடும் ஏ.சி.யை நிறுத்துவோம். நிலம் இழந்தவர்களுக்கு நியாயமான விலையும் வேலையும் கேட்டு நாமும் குரல் கொடுப்போம். இரண்டு மாதத்திற்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லில் வயலை இழந்தவரின் கண்ணீருக்கு விலை போடப்படுவதில்லை. அந்தக் கடனை நாம் நினைவில் வைப்போம்.

ஒளியைப் படைத்த ஆண்டவரே, எவர் வயலையும் இருளாக்காத ஒளியில் நாங்கள் வாழ அருள்தாரும். ஆமென்.