ஒரு வீதி, மூன்று அரசுகள்



புத்தளம் மாவட்டத்துக் கனமூலையிலிருந்து குருநாகலுக்குப் போகிறவர் கொழும்பு – புத்தளம் ஏ-3 வீதியில் ஏறினால், அது மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. சி, டி வகை வீதிகள் மாகாணத்துக்கு. வீட்டு வாசல் ஒழுங்கையும் அதன் தெருவிளக்கும் பிரதேச சபையின் பொறுப்பு. எந்தக் குழிக்கு எந்தக் கந்தோரில் மனுக் கொடுப்பது என்று தெரியாமலே பலர் அலைகிறார்கள்.

நம் நாடு கூட்டாட்சி நாடல்ல. அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரை ஒற்றையாட்சி என்கிறது. ஆனாலும் 1987இல் வந்த 13ஆவது திருத்தம் மாகாண சபைகளையும் அவற்றுக்குச் சட்டமியற்றும் அதிகாரத்தையும் தந்தது.

அந்த அதிகாரத்தை நம் வடமேல் மாகாணம் நன்றாகவே பயன்படுத்தியது. 1990இல் 12ஆம் இலக்க நியதிச்சட்டத்தால் தனக்கென்று சுற்றாடல் சட்டமும் அதிகார சபையும் அமைத்துக்கொண்டது. இறால் பண்ணைக் கழிவுநீர் களப்பில் கலக்கிறது என்றால், மீனவர் போகவேண்டிய இடம் கொழும்பு அல்ல, குருநாகலிலுள்ள அந்த அதிகார சபை. இது சின்ன விஷயமில்லை.

ஆனால் 2018 ஒக்டோபரில் நம் மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் அதற்குத் தேர்தலே இல்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரே நிர்வாகத்தை நடத்துகிறார். 2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. மேலே நாடாளுமன்றம், கீழே பிரதேச சபை இருக்கின்றன. நடுவிலுள்ள சபையில் நமக்காகக் கேள்வி கேட்க ஓர் உறுப்பினர்கூட இல்லை. மாகாண சபைத் தேர்தலை உரத்த குரலில் கேட்க நமக்கு முழு உரிமையுண்டு.