மாற்று விகிதத்தை மறந்த கணக்காளர்



நான் வர்த்தகம் படித்தவன். இரசாயனம் எனக்கு வெகுதூரம். ஆனாலும் பதினோராம் வகுப்பில் படிக்கும் மகள் நியமிப்புக் கணக்கொன்றோடு வந்து நின்றபோது, "கணக்குத்தானே, கொண்டு வா பிள்ளை" என்றேன்.

கணக்கு இதுதான். 25 மில்லிலீற்றர் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலைக் குடுவையில் எடுத்து, இரண்டு துளி பினோத்தலீன் விட்டால் இளஞ்சிவப்பாகும். லீற்றருக்கு 0.1 மூல் செறிவுள்ள சல்பூரிக்கமிலத்தை அளவியிலிருந்து சிறிது சிறிதாக விட, 20 மில்லிலீற்றரில் நிறம் மறைகிறது. அப்படியானால் காரத்தின் செறிவு என்ன?

20ஐ 0.1ஆல் பெருக்கி 25ஆல் வகுத்தேன். விடை 0.08. மகள் தயங்கினாள். "நான் எத்தனை வருசமாக் கணக்குப் பார்க்கிறன்!" என்று அடித்துச் சொன்னேன். அவளும் அதையே எழுதிக் கொடுத்தாள். புள்ளி போய்விட்டது.

"அப்பா, நீங்கள் சமன்பாட்டைப் பார்க்கேல்லை" என்று கொப்பியை விரித்தாள். ஒரு மூல் சல்பூரிக்கமிலத்தை நடுநிலையாக்க இரண்டு மூல் சோடியம் ஐதரொட்சைட்டு வேண்டும். செலவான அமிலம் 0.002 மூல், ஆகவே குடுவையிலிருந்த காரம் 0.004 மூல். அதை 0.025 லீற்றரால் வகுத்தால் லீற்றருக்கு 0.16 மூல். என் விடையின் இரண்டு மடங்கு!

வெட்கமாயிருந்தது. டொலரையும் ரூபாயையும் மாற்று விகிதம் பார்க்காமல் கூட்டுபவரை நானே கணக்காளர் என்று ஏற்கமாட்டேன். இங்கே சமன்பாடுதான் மாற்று விகிதம்.

"செறிவு போத்தலில் எழுதியிருக்குமே, பிறகேன் இந்தப் பாடு?" என்றும் கேட்டேன். சோடியம் ஐதரொட்சைட்டு காற்றிலுள்ள ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் இழுத்துக்கொள்ளும், அதனால் நிறுத்துக் கரைத்த அளவை அப்படியே நம்ப முடியாது என்றாள். அது எனக்கு உடனே விளங்கியது. ஏட்டில் உள்ள இருப்பு வேறு, களஞ்சியத்தில் எண்ணிப் பார்க்கும் இருப்பு வேறு அல்லவா?

பெற்றோரே, பிள்ளை தயங்கினால் ஏன் என்று ஒருதரம் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் அந்தப் புள்ளி போயிருக்காது. மகள் இப்போதும் கணக்கோடு வருகிறாள். நான் பேனையை எடுக்கமுன், "விகிதம் என்ன, பிள்ளை?" என்று அவளிடம் கேட்கிறேன்.