சிம்னி உயரமும் எரிபொருளின் கந்தகமும்



"நீதான் கும்மிடிப்பூண்டியில இருக்கியே, ஃபேக்டரி புகையைப் பத்திப் பேசு" என்றார் நம் செயலாளர். புகையைப் பற்றி எல்லோரும் பேசியாயிற்று. நான் அதற்கு முந்தின கட்டமான எரிபொருளைப் பற்றிச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ரோலிங் மில்லில், ஃபர்னஸ் ஆயிலை விட்டுவிட்டு விலை குறைந்த பெட்கோக்குக்கு மாறத் தீர்மானித்தார்கள். கணக்கு என் தலையில். "சிம்னியை எவ்வளவு உசத்தணும், அதை மட்டும் சொல்லுங்க தம்பி" என்றார் மேனேஜர்.

சூத்திரம் உங்களுக்குத் தெரியும். மணிக்கு வெளியேறும் கந்தக டை ஆக்சைடைக் கிலோவில் எடுத்து, அதன் 0.3 அடுக்கை 14-ஆல் பெருக்கினால் உயரம் மீட்டரில் வரும். மணிக்கு 200 கிலோ ஃபர்னஸ் ஆயில், 3.5 சதவீதம் கந்தகம் என்றால் வாயு 14 கிலோ; சிம்னி 31 மீட்டர். அதே சூட்டுக்குப் பெட்கோக் சுமார் 240 கிலோ வேண்டும். கந்தகம் 7 சதவீதம் என்று வைத்தால் வாயு 34 கிலோ. சிம்னி? வெறும் 40 மீட்டர்! விஷம் இரண்டரை மடங்கு. அதற்குப் பரிகாரம் 9 மீட்டர் இரும்புக் குழாய். கணக்கில் தப்பில்லை. கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் ஃபர்னஸ் ஆபரேட்டர் ஒருவர் சிப்காட்டை ஒட்டி வாடகை வீட்டில் இருந்தார். பையனுக்கு ஆஸ்துமா. "நம்ம புகையாலதானா சார்?" என்று கேட்டார். ஒரு பையனுக்கு இன்ன சிம்னியால்தான் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் இந்த வாயு ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாயைச் சில நிமிஷங்களில் சுருக்கிவிடும் என்பது எனக்குத் தெரியும். பேச்சை மாற்றிவிட்டேன்.

இத்தனைக்கும் வண்டிகளுக்கு அரசாங்கம் எவ்வளவு கறாராக இருக்கிறது! ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடு முழுக்க நின்றது. 2020 ஏப்ரலிலிருந்து ஒரு டன் டீசலில் 10 கிராம் கந்தகத்துக்கு மேல் கூடாது. நான் சொன்ன பெட்கோக்கில் டன்னுக்கு 70 கிலோ! மில் வாசலில் நிற்கும் லாரிக்கு ஒரு நியாயம், உள்ளே எரியும் உலைக்கு ஒரு நியாயம்.

உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் உத்தரப் பிரதேசம், ஹரியாணா, ராஜஸ்தான் மூன்றிலும் பெட்கோக்கையும் ஃபர்னஸ் ஆயிலையும் தடுத்தது. பிறகு சிமெண்ட், சுண்ணாம்புச் சூளைகளுக்கு விலக்கு. அங்கே கந்தகத்தைச் சுண்ணாம்பே பிடித்துக்கொள்ளும். 2018-இல் பாய்லர், ரீஹீட்டிங் ஃபர்னஸ்களுக்கு இந்த வாயுவுக்கான வரம்பும் வந்தது. நல்லதுதான். ஆனால் வரம்பை அளக்க ஆள் வருகிற நாள் வேறு, உலை எரிகிற நாள் வேறு. உள்ளே வரும் எரிபொருளைச் சோதிப்பது அதைவிடச் சுலபம்.

புதுச் சட்டமும் தேவையில்லை. 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் 19-ஆம் பிரிவிலேயே, கெடுதலான எரிபொருளைத் தடுக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. டெல்லி அரசு 2018-இல் அனுமதித்த எரிபொருள்களுக்குப் பட்டியலே போட்டது. நமக்கு எண்ணூரில் 2019 முதல் எல்.என்.ஜி. முனையம் இருக்கிறது. விலைதான் இடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

இந்த ஹாலில் மில் முதலாளிகளும் இருக்கிறீர்கள், வாரிய அதிகாரிகளும் இருக்கிறீர்கள், என்னைப் போல் கையெழுத்துப் போடுகிறவர்களும் இருக்கிறீர்கள். திங்கட்கிழமை வரும் டேங்கருக்குக் கந்தகச் சோதனைச் சான்று கேளுங்கள். நான் இப்போது இருக்கும் இடத்தில் கேட்க ஆரம்பித்துவிட்டேன். முதல் மாதமே இரண்டு லோடு திரும்பிப் போனது; பர்ச்சேஸ்காரர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.